புளியமரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரிய வீட்டுக்குப் பதினோரு பங்கு. மூன்று பேர் சென்னையில், இரண்டு பேர் கோலாலம்பூரில், ஒரு தம்பி சிங்கப்பூரில், மற்றவர்கள் கோவை, பெங்களூர் என்று இருக்கிறார்கள். காரைக்குடியிலேயே இருப்பவன் நான் ஒருவன்தான், அதனால் சாவிக்கொத்து என்னிடம். சாவி எவனிடம் இருக்கிறதோ அவனுக்குக் காற்றடித்தால் தூக்கம் கிடையாது.

போன வருஷம் ஆடிக் காற்றில், அடுப்படிக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்திலிருந்து தொடைப் பருமன் கிளை ஒன்று முறிந்து, வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டு ஓட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று இரவே சிங்கப்பூர்த் தம்பி வேரோடு எடுத்துவிடலாம் என்றான். கோலாலம்பூர் அண்ணன் கிளையைக் கழித்தால் போதும் என்றார். எண்பது தாண்டிய பெரிய ஆச்சி குரல் பதிவு அனுப்பினார்கள்: "அது எங்க மாமியா வச்ச மரம்ப்பா. ஓடு போனா ஓடு மாத்திக்கலாம்." வெட்டுவதா வைப்பதா என்று நாலு நாள் சண்டை. ஐந்தாம் நாள்தான், அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இல்லை, மரம் தெரிந்த ஒரு ஆள் என்று யாருக்கோ உறைத்தது. சரி, மரம் தெரிந்த ஆள் என்றால் யார்?

விசாரித்துப் பார்த்ததில் எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்காரர் கூப்பிடக்கூடியவர்கள் ஐந்து விதம். விறகுக்கும் பலகைக்கும் மரம் எடுக்கிற வியாபாரி, ஊரில் மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர், தோட்டம் போட்டுத் தருகிற கம்பெனி, வேளாண் கல்லூரி, வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் இருக்கிற படித்தவர்கள், கடைசியாக இப்போது பத்திரிகைகளில் 'மர மருத்துவர்' என்று எழுதுகிறார்களே, அந்த ஆர்பரிஸ்ட். ஐந்து பேரோடும் பேசினேன். இரண்டு பேரிடம் ஏற்கெனவே பாடம் படித்திருந்தேன்.

முதலில் அந்தப் பழைய பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்து போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. விழுந்த மரங்களைப் பார்த்துப் பார்த்து, நிற்கிற மரத்தைக் கண்டாலே பயம் வந்த காலம். முகப்புக்கு எதிரே எங்களுக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. புயலில் ஒரு கிளைகூடப் போகவில்லை. ஆனாலும் அடுத்த மாதமே ஒரு மர வியாபாரி வாசலில் வண்டியை நிறுத்தி, மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அண்ணே, அடுத்த புயலுக்கு இது தாங்காது. மேல மொட்டையடிச்சு விட்டுட்டா பத்து வருசத்துக்குக் கவலையில்ல. கூலி எதுவும் வேணாம், மரத்த நாங்க எடுத்துக்கிறோம்" என்றார். கூலி வேண்டாம் என்றதோடு கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். குழுவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த வருஷம் அந்த மொட்டை முண்டங்களிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர்த்தது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. அந்தத் தளிர்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இயல்பாக வளரும் கிளை, தண்டோடு சேர்ந்து வருஷா வருஷம் பருத்து, மரத்துக்குள் ஆழப் பிடித்திருக்கும். மொட்டையடித்த பிறகு வருவது பட்டைக்குக் கீழே மேலாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே நேரம் வெட்டுவாய் பெரிதாக இருப்பதால் மரத்தால் மூட முடியாமல் முண்டம் உள்ளே மக்கிக்கொண்டு போகும். மேலே கிளை கனக்கிறது, அடியில் பிடிமானம் கரைகிறது. 2022 ஐப்பசி மழையில் ஒன்று கழன்று முகப்பு ஓட்டில் இறங்கியது. நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய்ந்த கூரை. அந்த ஓடு கடையில் போய் வாங்குகிற பொருளா? இடித்த வீட்டு ஓடு எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகக் கேட்டு, வேய்கிற ஆள் கிடைக்கும் வரை இரண்டு மாதம் தார்ப்பாய் போட்டுக் காத்திருந்தோம். வியாபாரி கொடுத்ததைப் போல ஒன்பது மடங்கு செலவு.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. விறகு விற்கிறவர் கண்ணுக்கு மரம் டன் கணக்காகத்தான் தெரியும். தப்பு என்னுடையது. மரம் நிற்கலாமா கூடாதா என்ற தீர்ப்பை, அது விழுந்தால் லாபம் பார்க்கிற ஆளிடமே கேட்டேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான். யார் நோயைச் சொல்கிறாரோ அவர் விறகை எடுத்துப் போகக் கூடாது. அதற்காக மர வியாபாரியை ஒதுக்கவும் வேண்டாம். இந்த மரம் போகத்தான் வேண்டும் என்று வேறொருவர் எழுதிக் கொடுத்த பிறகு, அவரைவிடச் சுத்தமாக, ஒரே நாளில், லாரியும் கிரேனும் வைத்து முடிக்கிற ஆள் கிடையாது. இரண்டு பேரிடம் விலை கேளுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் மரம் ஏறுகிறவர். எங்கள் ஊர்ப் பக்கம் ஏறுகிற தம்பிக்கு ஐம்பது வயது இருக்கும். அரிவாள், வடக்கயிறு, ஒரு சின்ன மெஷின் ரம்பம், இவைதான் சொத்து. எந்தக் கிளை ஆளைத் தாங்கும் என்பது அவர் காலுக்குத் தெரியும். முருங்கையை நம்ப மாட்டார், வேம்பின் காய்ந்த கிளையில் கை வைக்க மாட்டார். புளியங்கொம்பைப் பிடித்தவனுக்குப் பயமில்லை என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர் தொழிலாகச் செய்கிறார். மேலே ஒரு கவட்டையில் வடத்தைச் சுற்றி, வெட்டிய கிளையை ஓட்டில் படாமல் தொட்டில் மாதிரி இறக்குகிற லாவகம் பத்து வருஷம் படித்தாலும் எனக்கு வராது. நாள் கூலி, இரண்டு டீ, மதியச் சாப்பாடு. வேறு எதிர்பார்ப்பு இல்லை.

குறை என்னவென்றால், எங்கே வெட்ட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒன்று, தண்டோடு தண்டாக வழித்து எடுப்பார். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கால் வைக்க வசதியாக கிளையின் அடிக்கட்டையை ஒரு முழம் முளையாக விட்டுவைப்பார். இரண்டும் மரத்துக்குக் கெடுதல். கிளை தண்டோடு சேருமிடத்தில் சட்டைக் கழுத்துப் பட்டி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அதை விட்டுவிட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளுக்குள்ளேயே சுவர் வைத்து அடைத்துவிட்டு, ஓரத்திலிருந்து புதுத் திசுவை வளர்த்து மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை ரம்பத்தால் அறுத்துத் திறந்து பார்த்து 1970களில் இதை விளக்கினார். உலகம் முழுக்கக் கவாத்து, அதாவது கிளை கழிப்பது, செய்கிற முறையே அதன் பிறகு மாறியது. கழுத்தை வழித்துவிட்டால் மூடுகிற திசுவே போய்விடும். முளையை விட்டுவைத்தால் அது காய்ந்து, மக்கி, மக்கல் உள்ளே இறங்குவதற்கு வழியாகிவிடும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், பாதியில் அது தொங்கி, பட்டையைத் தண்டு வரை நாராக உரித்துக்கொண்டு இறங்கும். அதற்கு மூன்று வெட்டு. கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கமாகக் கொஞ்சம், அதற்கும் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கிளை போன பிறகு மிச்ச முளையைக் கழுத்தோரமாக. இதை நம்ம தம்பிக்கு ஒரு மாங்கிளையில் செய்து காட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "இவ்வளவுதானாண்ணே, இத யாரும் சொல்லலயே" என்றார். ஏறுகிறவருக்கு வெட்டுமிடத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம். வெட்டுமிடம் தெரிந்தவருக்கு ஏறக் கற்றுக்கொடுக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவரை விடுவதாக இல்லை.

அவருக்கும் நமக்கும் உள்ள பெரிய அபாயம் வேறு. வெறும் காலில், இடுப்பில் கயிறு இல்லாமல், ஒரு கையில் ஓடுகிற ரம்பத்தோடு நிற்பார். விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நாங்கள் ஒரு நல்ல இடுப்பு பெல்ட்டும் தலைக்கவசமும் வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறோம். போடாமல் ஏறினால் அன்றைக்கு வேலை இல்லை. ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார், இப்போது கேட்டு வாங்கிக் கொள்கிறார். கிளைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் யாரும் ஏற வேண்டும். 'சும்மா ரெண்டு கிளைதான' என்று தொடங்கியவர்கள் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

தென்னைக்குத் தனி ஆள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞர்களுக்கு ஏறும் கருவியோடு பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அப்படிப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள். கருவியில் ஏறுகிறவர் மரத்தில் கொத்திப் படி வெட்ட மாட்டார். தென்னைக்கும் பனைக்கும் மற்ற மரங்களைப் போல ஓரத்திலிருந்து வளர்ந்து மூடுகிற திசு கிடையாது. இன்று வெட்டிய படி அந்த மரம் இருக்கும் வரை திறந்த காயம்தான். அதே மாதிரி, தேங்காய் பறிக்கிற சாக்கில் பச்சை மட்டையையும் சேர்த்துக் கழித்து, உச்சியில் குருத்தை மட்டும் துடைப்பம் போல நிறுத்துகிறவரையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

தோட்டக் கம்பெனிகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பாரம்பரிய வீடுகள் ஓட்டல்களாக மாறிய பிறகு இந்தப் பக்கம் அவர்களுக்கு நல்ல வேலை. புல் பதிப்பார்கள், சொட்டுநீர்க் குழாய் போடுவார்கள், அரளியும் காகிதப்பூவும் வரிசையாக வைப்பார்கள். பெரிய மரத்தைத் தொடச் சொன்னால் அவர்களும் அந்த மரம் ஏறுகிற தம்பியைத்தான் கூப்பிடுகிறார்கள், நடுவில் ஒரு கமிஷன். அதைவிட மோசம், மரத்தடி வரை பேவர் பிளாக் போட்டு அடைத்துவிடுவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படித்தவர்களிடம் வருவோம். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத வசதி இது. சிவகங்கை மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் குன்றக்குடியில் இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு வம்பனில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம். நோய் பிடித்த கிளையின் ஒரு துண்டை, காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேர்ந்து வருகிற மாதிரி எடுத்துக்கொண்டு போனால் பொறுமையாகப் பார்த்துச் சொல்வார்கள். மரத்திலோ விறகிலோ அவர்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

எங்கள் கிணற்றடி வேம்பு அப்படித்தான் பிழைத்தது. ஒரு கார்த்திகை மாதம் நுனிக் கிளைகளெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி கருகித் தொங்கின. தெருவில் போனவர்கள் எல்லாம் "பட்டுப்போச்சு" என்றார்கள். ஒரு விறகுக்காரர் விலையே சொல்லிவிட்டார். கிளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வேம்பின் நுனிக்கருகல், ஒரு பூஞ்சை செய்கிற வேலை, தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சியும் சாறு உறிஞ்சி அதற்குத் துணை போகிறது, மழைக்காலத்தில் அதிகமாகும், வெயில் ஏறினால் பெரும்பாலான மரங்கள் தாமாகத் துளிர்த்துவிடும், காய்ந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். சில வருஷங்களாகத் தமிழ்நாடு முழுக்க வேம்பு இப்படிக் கருகிக்கொண்டுதான் இருக்கிறது. பங்குனியில் எங்கள் மரம் தளிர்விட்டது. சித்திரையில் பூவும் பூத்தது. அன்று விலை பேசியவரிடம் கொடுத்திருந்தால் வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூ பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியிருப்போம்.

ஆனால் அவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பயிர் படித்தவர்கள். மாமரத்துக்கு எப்போது கவாத்து, வெட்டுவாயில் போர்டோ பசை என்கிற பூஞ்சை மருந்தைத் தடவலாமா, தென்னையில் காண்டாமிருக வண்டா கூன்வண்டா என்றால் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்க்கிற மரத்தைக் காய்க்க வைப்பது அவர்கள் வேலை. நூறு வயசுப் புளி ஒன்று ஓட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறதே, அது இன்னும் பத்து வருஷம் நிற்குமா என்று கேட்டேன். "ஐயா, அது எங்க பாடமில்ல" என்று ஒரு பேராசிரியர் நேர்மையாகச் சொன்னார். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்த ஒருவரும் அதையேதான் சொன்னார். காடு வளர்ப்பவர் ஆயிரம் மரத்தை ஒன்றாகப் பார்க்கிறவர், வீட்டோரத்து ஒற்றை மரம் வேறு பாடம்.

அந்த வேறு பாடத்தைப் படித்தவர்தான் ஆர்பரிஸ்ட். இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் உரிமம் எதுவும் கிடையாது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கிற மாதிரி பதிவு செய்துகொள்ளும் மன்றம் இல்லை. யார் வேண்டுமானாலும் 'மர மருத்துவர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். அடித்தும் இருக்கிறார்கள். ஒருவரிடம் சான்றிதழ் எண் கேட்டேன். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதனால் இந்த இடத்தில் மட்டும் காகிதத்தைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும்.

உலக அளவில் அதிகம் மதிக்கப்படுவது ஐஎஸ்ஏ எனப்படும் சர்வதேச மர வளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ். 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம். மூன்று வருஷ முழுநேரக் கள அனுபவம், அல்லது தொடர்புள்ள படிப்போடு அதைவிடக் குறைந்த அனுபவம் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். மண், மரத்தின் உடல்கூறு, கவாத்து, நோய் கண்டுபிடிப்பது, அபாயம், பாதுகாப்பாக வேலை செய்வது என்று எல்லாவற்றிலும் கேள்வி வரும். பாஸ் செய்தாலும் மூன்று வருஷம்தான் செல்லும், தொடர்ந்து படித்துப் புள்ளி சேர்த்தால்தான் புதுப்பிப்பார்கள். மரம் விழும் அபாயத்தை மதிப்பிட டிராக் என்று தனித் தகுதி ஒன்று உண்டு, அதன் ஆயுள் ஐந்து வருஷம். சங்கத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஏறுகிறவர்களுக்கான சான்றிதழ் வேறு. தேர்வு எழுதிய ஆர்பரிஸ்ட் மரமேறத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை.

சிங்கப்பூர்த் தம்பிக்கு இதெல்லாம் புதிதில்லை. அங்கே மரப் பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட் என்பது அங்கே சாதாரணமாகப் புழங்குகிற தொழில். 'அங்கே வேப்பங்குச்சியை ஒடிக்கப் பயப்படுகிறவன், இங்கே வேரோடு எடுக்கச் சொல்கிறாயா?' என்று கோலாலம்பூர் அண்ணன் போட்ட போட்டில் ஒரு வாரம் குழுவில் அவன் சத்தமே இல்லை.

நம் நாட்டில் இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில். தொலைபேசியில் மூன்று பேரிடம் பேசினேன். எல்லோரிடமும் முதலில் வேண்டுமென்றே ஒரே கேள்வி கேட்டேன்: "மேலே முழுசா மொட்டையடிச்சு விட்டுடலாமா?" ஒருவர் உடனே சரி என்று விலை சொன்னார். அங்கேயே அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். இன்னொருவர் படம் அனுப்பினால் போதும், அறிக்கை தருகிறேன் என்றார். மரத்தைத் தட்டிப் பார்க்காமல் எழுதுகிற அறிக்கை எதற்கு? மூன்றாமவர், "ஏன் மொட்டையடிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவரைத்தான் வரச் சொன்னேன். அறிக்கை மட்டும்தான் தருவேன், வெட்டுகிற வேலை எடுப்பதில்லை என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

முந்தின நாள் பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கினார். காலையில் மரத்தடிக்குப் போனதும் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அரை மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு சுற்றினார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அப்புறம்தான் கேட்டார், மேற்குப் பக்கம் எப்போது தோண்டினீர்கள் என்று. இரண்டு வருஷத்துக்கு முன் கழிவறைத் தொட்டிக்குக் குழாய் பதிக்க வாய்க்கால் எடுத்திருந்தோம். நம் மண் செம்மண், கொஞ்சம் கீழே போனால் செம்புறாங்கல். அதில் வேர் ஆழமாக இறங்காமல் அகலமாக, மேலாகப் பரவி நிற்கும். உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு அடிக்குள்தான். ஒரு வாய்க்கால் போட்டு மேற்குப் பக்க வேரை வெட்டிவிட்டு, காற்று வரும்போது மரம் ஏன் ஆடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சண்டை போட்டிருக்கிறோம். போதாததற்கு வத்தல் காயப்போட வசதியாக இருக்கும் என்று மரத்தடி வரை சிமெண்டுத் தளம். தண்ணீரும் காற்றும் வேருக்குப் போக வழியில்லை. தோட்டக் கம்பெனிக்காரர்களின் பேவர் பிளாக்கைக் குறை சொன்னேனே, அதே தப்பை அவர்களுக்கு முன்பே செய்தவன் நான்தான்.

பிறகு மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பானை போல வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே பொந்து இருப்பது மட்டுமே மரத்தை வெட்டக் காரணமில்லை, சுற்றுச்சுவர் கனமாக இருந்தால் குழாய் மாதிரி தாங்கும் என்றார். அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று வேர்ப்பட்டை முழுக்கத் தேடினார், இல்லை. இருந்திருந்தால் பேச்சே வேறாகியிருக்கும். அடுத்து வீட்டுக்குள் வந்து, மூன்றாங்கட்டில் யார் படுப்பார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, வருஷத்தில் ஒரு நாள் முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்குக் கூடுவோம், கல்யாணம் வந்தால் உண்டு என்றேன். கிளை முறியுமா என்பது பாதிக் கேள்விதான், முறிந்தால் கீழே என்ன இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டுமாம். படைப்பு அன்றைக்குச் சமையல் பந்தலை மரத்தடியில் போடாதீர்கள் என்று அறிக்கையிலேயே எழுதினார். இப்படி ஒரு வரியை விறகு வியாபாரியோ பேராசிரியரோ எழுதியிருக்க முடியாது.

ஒன்பது பக்கம். மரத்தை வைத்துக்கொள்ளலாம். காய்ந்த கிளைகளை எடுக்க வேண்டும். ஓட்டுப் பக்கம் நீளும் இரண்டு கிளைகளைப் பக்கக் கிளை பிரியுமிடம் வரை குறைக்க வேண்டும். மொத்தத்தில் பச்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, வயதான மரம் அதற்கு மேல் தாங்காது. அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குச் சிமெண்டை உடைத்து எடுத்து, சருகு போட்டு மூட வேண்டும். வெட்டுவாயில் தார் பூச வேண்டாம். இரண்டு மழைக்காலம் போன பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

கட்டணம், ரயில், தங்க வைத்தது எல்லாம் சேர்ந்து, முகப்பு ஓட்டுக்குச் செலவானதில் ஐந்தில் ஒரு பங்கு. பதினோரு பங்காகப் பிரித்தால் யாருக்கும் வலிக்காத தொகை. ஆனால் எல்லா மரத்துக்கும் இப்படி ஒருவரை வரவழைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். விழுந்தால் கூரையோ ஆளோ அடிபடுகிற பெரிய மரம், கோயில் வாசல் மரம், பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாத மரம், இவற்றுக்கு அவர் வேண்டும். பிள்ளையார்பட்டியில் தலமரமாக நிற்கும் மருதம் போன்ற ஒன்றுக்கு நாள் கூலி ஆளை மட்டும் நம்பி அரிவாளைக் கொடுப்பார்களா? நோய் என்றால் முதலில் குன்றக்குடியோ செட்டிநாடோ போய்க் காட்டுங்கள், செலவு பஸ் டிக்கெட்தான். தோட்டத்து மா, கொய்யா, எலுமிச்சைக்கெல்லாம் வெட்டுமிடம் தெரிந்த ஊர்த் தம்பி போதும். வீட்டு மரத்துக்குக் காகிதம் அதிகம் வேண்டியதில்லை என்றாலும் சிலவற்றில் கவனம் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சந்தனம் சொந்தக் கொல்லையில் நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் தொடக் கூடாது. வேலிக்கு வெளியே நிற்பது புறம்போக்கு மரம் என்றால் நம்முடையது இல்லை, வருவாய்த்துறையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதமும் முக்கியம். ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் முடிப்பது நல்லது. கத்திரி வெயிலில் நிழலைக் கழித்தால் அதுவரை வெயில் படாத பட்டை வெந்து வெடிக்கும். ஏறுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் வேலையில் சேர்த்தி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வந்து தங்குகிற பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற மாவட்டம் இது. குஞ்சு பறக்கும் வரை ஒரு கிளையை விட்டுவைக்க நமக்கு என்ன அவசரம்?

புளிக்கான வேலை, அவர் வந்து பார்த்த அன்று மதியமே தொடங்கியது. ஆர்பரிஸ்ட் கீழே நின்று மூங்கில் கழியில் சுண்ணாம்புத் துணியைக் கட்டி வெட்டுமிடத்தைத் தொட்டுக் காட்ட, ஊர்த் தம்பி பெல்ட்டோடு மேலே. இரண்டு மணி நேரத்துக்குள் "போதும், இறங்குங்க" என்று இவர் சொன்னதும் தம்பிக்கு முகமே இல்லை. "அரை நாள் வேலைகூட இல்லையேண்ணே, பாக்கிறவுக ஏறுனானான்னு கேப்பாகளே" என்றார். முழு நாள் கூலியையே கொடுத்தேன். குறைய வெட்டுகிறவருக்குக் கூலி குறைந்தால் அடுத்த முறை அவர் ஏன் குறைய வெட்டுவார்? சிமெண்டை உடைக்கக் கொத்தனார் வந்தது மட்டும் மூன்று வாரம் தள்ளிப்போனது. வத்தல் இப்போது மொட்டை மாடியில் காய்கிறது.

இன்னும் பாக்கியிருப்பது மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்று. ஆள் இல்லாத வீடுகளில் சுண்ணாம்புச் சுவரைப் பிளப்பது அதுதான். மேலே கிள்ளினால் தழைத்து வரும், வேர் விரலளவு இருக்கும்போதே காரையோடு பெயர்த்து எடுத்துவிட்டுப் பூச வேண்டும். இதற்கு ஆர்பரிஸ்ட் வர மாட்டார், கொத்தனாரைக் கேட்டால் மரக்காரரைக் கூப்பிடுங்கள் என்கிறார், மரம் ஏறுகிற தம்பி "செவுத்துல எனக்கு வேலையில்லண்ணே" என்று சிரிக்கிறார். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஏற வேண்டும்.